சோலைப் பறவையின் மரபணுக் கணக்கு

நீலகிரி நீல ராபின் ஊர்க்குருவி அளவுள்ள பறவை. முதுகும் மார்பும் கருநீலம், விலாவில் செம்பழுப்பு, வயிறு வெள்ளை. உயரமான மலைக்காடுகளின் இருண்ட அடிநிலத்தில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கித் தின்னும். கண்ணில் படுவது அரிது. விடியலில் பாடுவதை வைத்துத்தான் இருக்கும் இடம் தெரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யு.சி.என். இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது.

இதன் வீடு சோலைக்காடு. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 1,400 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் அடர்ந்து நிற்கும். சுற்றியுள்ள சரிவெல்லாம் புல்வெளி. பெய்யும் மழையைப் பிடித்துவைத்து ஆண்டு முழுவதும் கசியவிடுவது இந்தச் சோலையும் புல்லும்தான். பவானியும் அமராவதியும் இம்மலைகளில் பிறந்து காவிரியில் கலப்பதால், முக்கொம்பைத் தாண்டித் திருவரங்கத்தைச் சுற்றி ஓடும் தண்ணீரிலும் சோலைகளுக்குப் பங்குண்டு.

உயரத்தில் மட்டுமே இருக்கும் இக்காடுகளை ஆய்வாளர்கள் வானத்தீவுகள் என்கிறார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் சமவெளியாகவே கிடக்கிறது. தெற்கே இதைவிடக் குறுகலான செங்கோட்டைக் கணவாய். இறக்கைதான் இருக்கிறதே, பறந்து கடந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். வலசை போகும் பறவைக்கு அது சாதாரணம். காட்டு நிழலை விட்டு வெளியே வராத ராபினுக்கு வெயில் காயும் தாழ்நிலம் கடல் மாதிரி.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருக்கும் ராபினும் தெற்கே இருக்கும் ராபினும் ஒரே இனமா, வேறு வேறா? இந்தக் கேள்வி நூறாண்டுக்கும் மேலாகத் தீராமல் இருந்தது. வடக்குப் பறவையை 19ஆம் நூற்றாண்டில் ஜெர்டன் விவரித்தார். விலாவில் செம்பழுப்பு இல்லாத தெற்குப் பறவையை பிளான்ஃபோர்டு விவரித்தார். பின்வந்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கினார்கள், மறுபடி பிரித்தார்கள், வேறு வேறு பேரினங்களில் மாற்றி மாற்றி வைத்தார்கள். நிறத்தையும் அளவையும் மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியவில்லை.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன், இப்போது திருப்பதி ஐசர் ஆய்வு நிறுவனத்தில் பணிபுரியும் வி.வி. ராபின் ஆகியோர் இதை மரபணு வழியாக அணுகினார்கள். (பறவையின் பெயரும் ஆய்வாளர் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்.) வேலை காட்டில் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வலையை மரங்களுக்கிடையே கட்டுவார்கள். சிக்கும் பறவையை மெதுவாக விடுவித்து, அளவெடுத்து, காலில் வளையம் மாட்டி, இறக்கையின் அடியில் ஓடும் ரத்த நாளத்திலிருந்து துளி ரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிடுவார்கள். துளியே போதும். மனிதரின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. பறவையின் சிவப்பணுவில் உண்டு. அதனால் ஒரு துளியிலேயே ஏராளமான டி.என்.ஏ. கிடைத்துவிடும். இதற்கெல்லாம் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

அந்த டி.என்.ஏ.வில் வெவ்வேறு வேகத்தில் மாறும் பகுதிகள் உள்ளன. தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.விலிருந்து பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்த பிரிவுகளை வாசிக்கலாம். ஒரே சிறு தொடர் திரும்பத் திரும்ப வரும் வேறு சில பகுதிகள் தலைமுறைக்குத் தலைமுறை சீக்கிரம் மாறிவிடும்; அண்மைக் காலத்தில் எந்தக் கூட்டம் எந்தக் கூட்டத்தோடு கலந்தது, எது தனித்துப்போனது என்பதை அவை காட்டும். இயற்கை பிரித்ததையும் மனிதர் பிரித்ததையும் வேறுபடுத்திப் பார்க்க இரண்டுமே தேவைப்படுகின்றன.

பழைய பிரிவு முதலில் தெளிவானது. 2010இல் வெளிவந்த ஆய்வில், நீல ராபின்களின் பரவல் எல்லை முழுவதிலும் இருந்து 218 பறவைகளின் மரபணு ஒப்பிடப்பட்டது. ஆழமான பிளவு பாலக்காட்டுக் கணவாயில் இருந்தது. செங்கோட்டைக் கணவாயிலும் ஒரு பிளவு. 2015இல் 23 மலைப்பறவை இனங்களில் 356 பறவைகளை ஆராய்ந்தபோது, 10 இனங்களில் மிகப் பழைய பிளவு பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியே அமைந்திருந்தது. அவை எல்லாம் ஒரே காலத்தில் பிரியவில்லை. பெரும்பாலானவை கடந்த 26 லட்சம் ஆண்டுகளில், பனியுகங்கள் வந்துபோன காலத்தில் வெவ்வேறு சமயம் பிரிந்தவை. மிச்சமுள்ள 13 இனங்களுக்குக் கணவாய் அப்படியொரு தடையாக இருக்கவில்லை. ஆகவே ஒரு பறவைக்குச் சொன்ன கணக்கை அடுத்த பறவைக்கு அப்படியே ஒப்பிக்க முடியாது.

2017இல் இதே குழு சுஷ்மா ரெட்டி முதலானோருடன் சேர்ந்து இப்பறவைகளின் வம்சத்தையே திருத்தி எழுதியது. நீல ராபின்களுக்கு இமயமலையின் குட்டைச் சிறகுப் பறவைகள் நெருங்கிய உறவு என்று நம்பப்பட்டது. உண்மையில் அவை ஈப்பிடிப்பான் கூட்டத்தில் தனியே கிளைத்தவை. அவற்றுக்கு சோலிகோலா என்ற புதிய பேரினமும், இதே சோலைகளில் வாழும் சிரிப்பான்களுக்கு மான்டெசிங்க்லா என்ற புதிய பேரினமும் உருவாயின. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே, அகத்தியமலைப் பகுதியில் வாழும் ராபின் புதிய இனமாகவே விவரிக்கப்பட்டது. பெயர் மாற்றம் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரே இனம் என்று கருதியபோது, ஒரு மலையில் அழிந்தாலும் இன்னொரு மலையில் இருக்கிறது என்று ஆறுதல் சொல்ல முடிந்தது. வயநாட்டைச் சுற்றிய சில சிகரங்களில் மட்டும் வாழும் பாணாசுரச் சிரிப்பானுக்கு இன்று அந்த ஆறுதல் கிடையாது.

இனிப் புதிய பிரிவு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தேயிலையும், அதன் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும், தைலமரமும், பைனும் மலைகளை நிரப்பின. பழனி மலையில் மட்டும் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் 66 சதவீதமும் சோலைக்காட்டில் 31 சதவீதமும் மறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு காட்டியது. இந்த இழப்பின் தடம் பறவையின் மரபணுவிலும் பதிந்திருக்கிறது. நீல ராபினையும் சிரிப்பானையும் ஒப்பிட்ட 2015ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு காலத்தில் கலந்து வாழ்ந்த கூட்டங்கள் காடழிந்தபின் ஒன்றிலிருந்து ஒன்று விலகி வருவது தெரிந்தது. சோலையை விட்டு நகராத ராபினுக்கே பாதிப்பு அதிகம்.

விலகினால் என்ன கெட்டுப்போகும்? சிறு கூட்டத்தில் நெருங்கிய உறவுகளே இணை சேரும். மரபணு வகைகள் ஒவ்வொன்றாகத் தொலையும். புதிய நோயோ பருவ மாற்றமோ வந்தால் தாக்குப்பிடிக்கும் திறன் குறையும். செஷல்ஸ் தீவுகளின் பாடும் குருவி ஒன்று 1960களில் 30க்கும் குறைவான பறவைகளாகக் குன்றி, 1988 முதல் வேறு தீவுகளில் குடியேற்றப்பட்டு ஆயிரக்கணக்கில் பெருகியது. ஆனால் அருங்காட்சியகங்களில் இருந்த அதன் பழைய தோல்களின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டபோது, தொலைந்த மரபணு வகைகள் எண்ணிக்கையோடு சேர்ந்து திரும்பி வரவில்லை என்பது தெரிந்தது.

அப்படியானால் நீலகிரிப் பறவையைப் பிடித்துப் பழனி மலையில் விட்டுக் கலந்துவிடலாமா? கூடாது. பாலக்காட்டுக் கணவாய் பிரித்தவை தனி இனங்கள்; அவற்றைக் கலப்பது லட்சக்கணக்கான ஆண்டுகளின் வரலாற்றை அழிப்பதாகும். ஒட்டவைக்க வேண்டியது, ஒரே மலைக்குள் தோட்டமும் தோப்பும் போட்ட பிரிவுகளை. பறவையைக் கூண்டில் ஏற்றிச் செல்வதைவிட, அறுந்த சோலைத் துண்டுகளுக்கிடையே மரம் வளரவிடுவதே அதற்குப் பொருத்தமான வழி. எந்தத் துண்டை எதோடு முதலில் இணைப்பது என்பதற்கு மரபணு வரைபடம் உதவும்.

இணைப்பதும் லேசான காரியமில்லை. அயல் தாவரங்களை அகற்றி இயல்பான வாழிடங்களை மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆனால் சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை ஒரேயடியாக வெட்டினால் வெயில் பட்டு நூற்றுக்கணக்கில் முளைத்துவிடும். கொடைக்கானல் பக்கம் சில இடங்களில் முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தாமாக எழும்பி நிற்கின்றன. முன்பு புல்வெளியாக இருந்த சரிவில் சீகையை அகற்ற வேண்டும். சோலைத் துண்டுகளை ஒட்டிய தோப்பில் கன்றுகள் தலையெடுக்கும்வரை அதை விட்டுவைக்க வேண்டும்.