அறிவும் அகந்தையும்

அமெரிக்கப் படக்கதைகளில் சூப்பர்மேனின் பெரும்பகைவன் லெக்ஸ் லூதர். ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் இருவரும் 1940இல் படைத்த பாத்திரம் அது. புதுப்புதுப் பொறிகளைப் புனையும் நுண்ணறிவே அவனது படைக்கலம்.

அவன் பகைக்கு 1960இல் வந்த ஒரு கதை காரணம் கூறுகிறது. ஆய்வுக்கூடத்தில் பற்றிய தீயை இளம்பருவச் சூப்பர்மேன் ஊதி அணைக்கிறான். உயிர் பிழைத்த லூதரோ, தன் தலைமயிரும் அரிய ஆய்வும் அழிந்தமையை மட்டுமே எண்ணுகிறான். பொறாமையால் விளைந்த சதி என்று முடிவு கட்டுகிறான். ஆய்வுக்குச் சான்று தேடியவன் சினத்திற்குச் சான்று தேடவில்லை!

1963இல் வந்த கதையொன்றில், வேற்றுக்கோளின் மக்களுக்கு உதவி, அவர்களால் வீரனெனப் போற்றப்படுகிறான். அறிவு அதுவே, ஏவிய நெஞ்சம் வேறு. தேர்வுத்தாள் உங்கள் அறிவை அளக்கும். நெஞ்சை நீங்களே அளந்துகொள்ள வேண்டும் என்பேன் நான்.