ஆளுக்கொரு பிள்ளை

அப்பா, அம்மா இருவரும் ஒரே விபத்தில் போய்விடுகிறார்கள். அல்லது அம்மாவைக் கொன்றுவிட்டு அப்பா ஜெயிலுக்குப் போகிறார். அல்லது கடன் தாங்காமல் இருவரும் மருந்தைக் குடித்துவிடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரிப்பதற்கு முன்பே சொந்தக்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். பெரியவனைச் சித்தப்பா கூட்டிப் போகட்டும், திருப்பூரில் ஏதாவது கம்பெனியில் சேர்த்துவிடலாம். நடுவில் இருப்பவளை அத்தை வைத்துக்கொள்ளட்டும். கைக்குழந்தைக்குத்தான் ஆளில்லை. "தெரிஞ்ச இடத்துல பிள்ளையில்லாதவங்க இருக்காங்க" என்று யாரோ ஒருவர் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது. ஒரு துண்டுத் தாளில்கூட யாரும் எதையும் எழுதுவதில்லை.

பல வருடம் கழித்து அந்த நடுப்பிள்ளை தம்பியைத் தேடிக்கொண்டு வருகிறாள். லேமினேட் செய்த ஒரு பழைய போட்டோவைத் தவிரக் கையில் எதுவும் இருக்காது. வாங்கிப்போனது யார், எந்த ஊர் என்று தெரிந்த ஒரே தாத்தாவும் போய்ச் சேர்ந்திருப்பார். இப்படி வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். பெரும்பாலும் முதல் வேலையாக அந்தப் போட்டோவை வாட்ஸப்பில் போட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். சினிமாவில் குடும்பப் பாட்டைப் பாடினால் அண்ணன் தம்பி சேர்ந்துவிடுவார்கள். இங்கே ஓர் உத்தரவு எண்ணும் அதன் தேதியும் கிடைக்காமல் ஒன்றும் நகராது.

அந்த எண் எங்கிருந்து வரும்? குழந்தைகள் நலக் குழுவிலிருந்து. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இந்தக் குழு இருக்க வேண்டும். மாதம் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. ஆதரவற்ற குழந்தையை யார் பார்த்தாலும் 24 மணி நேரத்துக்குள் குழுவுக்கோ போலீசுக்கோ 1098க்கோ தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமான சட்டம் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நமக்கும்தான்.

குழுவுக்கு முன்னால் நிற்கும்போதுதான் முக்கியமான தவறு நடக்கிறது. பிள்ளைகளைத் தனித்தனியாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்டது தத்து மையத்துக்குப் போகும். பெரிய பையன் ஆண் குழந்தைகள் இல்லத்துக்கும், பெண் பெண் குழந்தைகள் இல்லத்துக்கும் போவார்கள். வயதையும் பாலையும் பார்த்துப் பிரிக்கும் ஏற்பாடு இது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் மூன்று இல்லம், மூன்று ஃபைல். ஒன்றில் மற்றொன்றைப் பற்றி ஒரு வரி இல்லையென்றால், ஆதரவற்ற குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதாக இருந்தால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேலிருந்தால் நான்கு மாதத்திலும் 'தத்துக் கொடுக்கலாம்' என்று குழு அறிவித்துவிடலாம். சின்னது யார் வீட்டுக்கோ போய்விடும். அக்கா தன் இல்லத்தில் எட்டாவது படித்துக்கொண்டிருப்பாள், அவளுக்குச் செய்தியே வராது.

ஆகவே, குழுவிடம் போகிற பெரியவர்கள் செய்ய வேண்டியதைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேரையும் ஒரே நாளில், ஒன்றாக அழைத்துப்போங்கள். ஒரே மனுவில் எல்லோர் பெயரும், பிறந்த தேதியும், பெற்றோரின் முழுப் பெயரும் இருக்கட்டும். 'இவர்கள் உடன்பிறந்தவர்கள்' என்ற வாசகம் குழுவின் ஒவ்வொரு உத்தரவிலும் வர வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். தத்துக்குப் போவதானாலும், உடன்பிறந்தவர்களை இன்னார் என்று குறிப்பிட்டு ஒரே பதிவாகத்தான் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று தத்தெடுப்பு விதிமுறை சொல்கிறது. வளர்ப்புப் பராமரிப்புக்கு அனுப்பினால், குழந்தைகளின் நலனுக்குப் பாதகமில்லாதவரை உடன்பிறந்தவர்களைச் சேர்த்தே வைக்க எல்லா முயற்சியும் செய்ய வேண்டும் என்று சட்டத்தின் 44ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வேறு வேறு இல்லங்களில் வைத்தே ஆக வேண்டுமென்றால், மாதம் ஒருமுறை சந்திக்கவும் வாரம் ஒருமுறை போனில் பேசவும் உத்தரவிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். வார்டன் வாயால் சொல்வது வார்டன் மாறினால் போய்விடும்.

உத்தரவின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நகலை வாங்கிக்கொள்ளுங்கள். "ஃபைல்லயே இருக்கும்மா, எங்க போயிடப் போவுது" என்பார்கள். போய்விடும். குழுவின் உத்தரவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்; வளர்ப்புப் பராமரிப்பு, நிதி ஆதரவு பற்றிய உத்தரவென்றால் மட்டும் கலெக்டரிடம். குழு கூடவே இல்லை, மனுவை வாங்கவே இல்லை என்றால் கலெக்டரிடம் புகார் கொடுங்கள்; குழுவின் செயல்பாடு பற்றிய குறையைக் கேட்க வேண்டியவர் அவர்தான்.

சொந்தக்காரர்களே வளர்க்க முன்வந்தால் அதைவிட நல்லது இல்லை. பணம்தான் தடையென்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'மிஷன் வாத்சல்யா' நிதி ஆதரவுக்கு மனுப் போடுங்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய், வருமான வரம்பு உண்டு. இந்த ஒரு மனு போட்டிருந்தால் அத்தை மூன்று பிள்ளைகளையும் வைத்துக்கொண்டிருப்பாள் என்கிற குடும்பங்கள் எத்தனையோ. அந்த அலுவலகம் பெரும்பாலும் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலோ பக்கத்திலோதான் இருக்கும். ஆனால் அது அங்கே இருப்பதை யாரும் ஊருக்குச் சொல்வதில்லை. நலத்திட்ட விழாவுக்கு அடிக்கிற ஃபிளெக்ஸில் பாதியை இதற்கு அடித்திருக்கலாம்.

இனி அந்தத் 'தெரிஞ்ச இடம்'. இருபது ரூபாய் பத்திரத்தில் இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு குழந்தையைக் கொடுப்பது தத்து ஆகாது. இந்து தத்தெடுப்புச் சட்டப்படி கொடுப்பதானாலும், பெற்றோர் இறந்த பிள்ளையைச் சித்தப்பாவோ தாத்தாவோ தன்னிஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. காப்பாளர் நீதிமன்ற அனுமதி வாங்கிய பிறகே கொடுக்கலாம். முறை மீறிய தத்துக்கு 3 வருடம் வரை சிறை, காசு கைமாறினால் அது விற்பனை, 5 வருடம் வரை. கொரோனா சமயத்தில் 'அப்பா அம்மா இறந்துவிட்டார்கள், தத்தெடுக்க இந்த எண்ணை அழையுங்கள்' என்று எத்தனை வாட்ஸப் செய்தி வந்தது என்று நினைத்துப்பாருங்கள். உச்ச நீதிமன்றமே தலையிட்டு நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதே 2021 ஜூனில்தான் மதுரையில், கொரோனாவில் இறந்ததாகப் பொய் ஆவணம் காட்டி ஒரு காப்பகத்திலிருந்து குழந்தைகளை விற்ற வழக்கு வெளிவந்தது. அந்த மாதிரி செய்தியை ஃபார்வர்டு செய்தவர்கள் நல்லவர்கள்தான். அதுதான் பயம்.

இப்போது, ஏற்கெனவே பிரிந்து வளர்ந்தவர்களுக்கு. நீங்கள் இல்லத்தில் வளர்ந்தவர் என்றால், தேட வேண்டியது முதலில் உங்கள் ஃபைலை. இல்லத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் நீங்கள் வந்த தேதி, அழைத்து வந்தவர், குழு உத்தரவின் எண் எல்லாம் இருக்கும். ஒரு பெண்ணின் விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய பதிவில் தம்பியைப் பற்றி எதுவும் இல்லை. பதிவேட்டின் ஓரத்தில் நீல மையில் அவளை அழைத்து வந்த பெண் போலீசின் பெயரும் ஸ்டேஷனும் மட்டும் இருந்தன. உத்தரவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு அடுத்த எண் எந்தக் குழந்தைக்கு, எந்த இல்லத்துக்குப் போனது என்று மனுவில் கேட்டோம். அதே தேதி, அதே ஸ்டேஷன், ஒரு ஆண் குழந்தை, வேறு மாவட்ட இல்லம். ஒரே நாளில் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்தான் விழும். உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

"பழைய ஃபைலெல்லாம் வெள்ளத்துல போச்சு" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்புங்கள்: என்னைச் சேர்த்த தேதி என்ன, உத்தரவு எண் என்ன, என்னோடு உடன்பிறந்தவர் யாராவது சேர்க்கப்பட்டார்களா, என் சமூக விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும். உங்கள் சொந்த விவரத்தைக் கேளுங்கள். தம்பியின் முகவரியைக் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுத்து அனுப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வெள்ளத்தில் போனதாகவே இருக்கட்டும், அதை எழுத்தில் கொடுக்கச் சொன்ன பிறகு பல ஃபைல்கள் காய்ந்து வெளியே வந்துவிடுகின்றன. மாவட்டப் பாதுகாப்பு அலகுகள் வருவதற்கு முந்திய வழக்கு என்றால் அலகில் எதுவும் இருக்காது, நேராக இல்லத்தின் பதிவேட்டுக்கே போங்கள். பள்ளிக்கூடத்தையும் மறக்க வேண்டாம். மாற்றுச் சான்றிதழ் எந்தப் பள்ளிக்குப் போவதற்காக வாங்கப்பட்டது என்பது தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும், அல்லது பழைய பதிவேட்டில் இருக்கும்.

தம்பியோ தங்கையோ முறைப்படி தத்துப் போயிருந்தால் நிலைமை வேறு. இதைக் கேட்டு நிறையப் பேர் கோபப்படுகிறார்கள், அழுகிறார்கள். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் வேரைத் தேடும் உரிமை தத்துப் போன பிள்ளைக்குத்தான் உண்டு. 18 வயது ஆனவர் தானாகவும், அதற்கு உட்பட்டவர் தத்தெடுத்த பெற்றோரோடு சேர்ந்தும், 'காரா' என்று எல்லோரும் சொல்லும் மத்திய தத்துவள ஆணையத்துக்கோ தத்து மையத்துக்கோ விண்ணப்பிக்கலாம். வேறு யாரும் தேடுவதை விதிமுறை அனுமதிப்பதில்லை. அக்காவாக இருந்தாலும் இதில் மூன்றாம் நபர்தான். தத்து மைய ஊழியருக்குப் பணம் கொடுத்து முகவரி வாங்குவது குற்றம். ஒன்றும் தெரியாமல் வளர்ந்த பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்பது கொடுமை. செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் பெயர், உறவு, முகவரி, போன் எண், பழைய போட்டோவின் நகல் இவற்றோடு, 'நாளை என் உடன்பிறந்தவர் தேடி வந்தால் இதைக் கொடுங்கள்' என்று ஒரு கடிதம் எழுதி, அந்தக் குழந்தையின் ஃபைலில் சேர்க்கச் சொல்லித் தத்து மையத்துக்கும் மாவட்ட அலகுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீடோ போன் எண்ணோ மாறினால் மறுபடி அனுப்புங்கள். இதை அனுப்பாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

காகிதமில்லாமல் கொடுக்கப்பட்ட, அல்லது தொலைந்த பிள்ளையென்றால் போலீஸ் ஸ்டேஷன். அங்கே சி.எஸ்.ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். சி.எஸ்.ஆர் வேறு, எஃப்.ஐ.ஆர் வேறு. காணாமல் போன குழந்தை விஷயத்தில் எஃப்.ஐ.ஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் 15100க்கு அடியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

சொத்து விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரிவுக்குப் பின்னால் பல சமயம் அரை ஏக்கர் இருக்கிறது. இல்லத்தில் இருக்கும் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். கண்டுபிடித்தால் தாசில்தாரிடம் ஆட்சேபணை மனு, பிறகு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. 'தத்துப் போன பிள்ளைக்குப் பங்கில்லை' என்று பெரியப்பா சொன்னால் நம்பாதீர்கள். பெற்றோர் இறந்தபோதே அந்தப் பிள்ளைக்கு வந்து சேர்ந்த சொத்து, தத்துப் போன பிறகும் அதற்கே சொந்தம். வயது வராத பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதியில்லாமல் விற்றிருந்தால் 18 முடிந்து மூன்று வருடத்துக்குள் வக்கீலைப் பாருங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று இருந்தவர்கள் இழந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடத்துக்குள்.

போட்டோவை இன்னும் வாட்ஸப்பில் போடாமல் இருப்பவர்களுக்கு: போடாதீர்கள். குழுவின் பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் படத்தையும் பெயரையும் வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே போட்டவர்களுக்கு ஒரு போன் வரும். "உங்க தம்பி எங்க ஊர்லதான் இருக்கான், வண்டிச் செலவுக்கு அனுப்புங்க" என்பார்கள். தழும்பு, மச்சம் எல்லாம் சரியாகச் சொல்வார்கள், அதை நீங்களே பதிவில் எழுதியிருப்பீர்கள். ஒரு பைசா அனுப்பாதீர்கள். நிஜமாகவே ஆள் கிடைத்தால் டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. ஆனால் பெற்றோரின் மரபணு மாதிரி இல்லாமல், உடன்பிறந்தவர்களை மட்டும் வைத்துப் பார்ப்பதில் முடிவு அவ்வளவு கறாராக வராது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளா என்பதற்குத் தாய்வழி மரபணுவையும் பார்க்கச் சொல்லுங்கள். இருவரும் சம்மதித்தால் மட்டுமே செய்யுங்கள்.

கடைசியாக, மனுவோடு போகிறவர்களுக்கு: கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு வாங்குவார்கள். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், உங்கள் பிறப்புச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டின் ஜெராக்ஸ், இல்லத்தில் வளர்ந்திருந்தால் குழு உத்தரவு, எல்லாவற்றிலும் இரண்டு செட் கொண்டுபோங்கள். மனுவின் ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "அப்புறமா வந்து வாங்கிக்கோங்க" என்பார்கள். அங்கேயே பெஞ்சில் உட்காருங்கள்.