மாலை நேர யூனிட்டுக்கு என்ன விலை?

2008-க்குப் பிறகு வந்த மின்வெட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டு வீடுகளில் விட்டுச்சென்ற சொத்து, இன்வெர்ட்டரும் பேட்டரியும். மின்வெட்டு குறைந்த பிறகு அவை பெரும்பாலும் சும்மா இருக்கின்றன. இதற்கிடையே மொட்டைமாடிகளில் சூரியத் தகடுகள் ஏறிவிட்டதால், பகலில் பேட்டரியில் சேர்த்த மின்சாரத்தை மாலையில் ஈ.பி. லைனுக்கே திருப்பிக் கொடுத்துக் காசாக்க முடியாதா என்ற கேள்வி எழுகிறது. தொழில்நுட்பம் முடியும் என்கிறது. ஆனால் வீட்டில் இருக்கும் பழைய இன்வெர்ட்டரால் அது முடியாது, முயலவும் கூடாது. அதற்கென்றே செய்த கருவிகள் சந்தையில் கிடைத்தும் அவற்றை வாங்கி மின்சாரத்தை லைனுக்கு ஏற்றுமதி செய்ய ஆளில்லாததற்குக் காரணம் விலைமுறை. நண்பகல் யூனிட்டுக்கும் இரவு எட்டு மணி யூனிட்டுக்கும் ஒரே மதிப்புத் தரும் கணக்கு மாறும்வரை வீட்டு பேட்டரி வீட்டுக்குள்ளேயே முடங்கித்தான் கிடக்கும்.

பழைய இன்வெர்ட்டருக்குள் ஒரு ரிலே இருக்கிறது. லைனில் மின்சாரம் இருந்தால் அதை வீட்டுக்கு விடும். போய்விட்டால் நொடியின் சிறு பகுதிக்குள் பேட்டரிக்கு மாற்றிவிடும். இரண்டையும் ஒருசேர இணைக்க அது செய்யப்படவில்லை. நம் மின்கட்டமைப்பின் 230 வோல்ட் மின்னழுத்தம் நொடிக்கு 50 முறை மேலும் கீழுமாக ஏறி இறங்குகிறது. இன்வெர்ட்டர் தன் போக்கில் இன்னோர் அலையை உருவாக்கி அதோடு சேர்த்தால், இரண்டும் நேரெதிராக இருக்கும் தருணத்தில் இடையே 460 வோல்ட் வேறுபாடு நிற்கும். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அப்போதே கருகிவிடும். ஓடும் பேருந்தில் ஏறுகிறவர் அதே வேகத்தில் கூடவே ஓடித்தான் ஏற முடியும். கட்டமைப்போடு இணையும் இன்வெர்ட்டரும் லைனின் அலையை இடைவிடாமல் அளந்து, அதே தாளத்தில் மின்னோட்டத்தை மட்டும் உள்ளே தள்ளுகிறது. ஹைபிரிட் இன்வெர்ட்டர் எனப்படுவது இந்த வேலையோடு, மின்சாரம் போனால் லைனிலிருந்து பிரிந்து, தனி வயரிங்கில் உள்ள விளக்கு, மின்விசிறி போன்ற அவசியச் சாதனங்களுக்கு மட்டும் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும்.

இந்தப் பிரிதல்தான் மிக முக்கியம். லைனில் பழுது பார்க்க மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிர் இதில் இருக்கிறது. தெரு மின்மாற்றி 11,000 வோல்ட்டைக் குறைத்து வீடுகளுக்குத் தருகிறது. வீட்டுப் பக்கமிருந்து மின்சாரம் பாய்ந்தால் அதே மின்மாற்றி தலைகீழாக வேலை செய்து, செத்துக் கிடக்கும் உயரழுத்தக் கம்பியை உயிர்ப்பித்துவிடும். என் சிறிய இன்வெர்ட்டர் தெரு முழுவதன் சுமையைத் தாங்காமல் உடனே அணைந்துவிடுமே என்பார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். ஆனால் உங்கள் வீட்டுக்கு வரும் கம்பி மட்டும் அறுந்திருந்தால் தாங்குவதற்குச் சுமையே இருக்காது. கம்பியில் மின்சாரம் நிற்கும். சில வீடுகள் சேர்ந்தே துண்டிக்கப்பட்டிருந்தால், அக்கம்பக்கத்துச் சூரிய இன்வெர்ட்டர்கள் அதை மெய்யான லைன் என்று எண்ணி இணைந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறைகள் இதனால்தான் கட்டமைப்பு இல்லாதபோது வீட்டு மின்னாக்கம் தானாக விலக வேண்டும் என்கின்றன. இரண்டு நொடிக்குள் விலகுகிறதா என்று சோதிக்கும் இந்தியத் தரம் ஐ.எஸ். 16169. வெயில் கொளுத்தும்போதும் கரண்ட் போனால் தகடும் நின்றுவிடுகிறதே என்று குறைப்படுவோர் இந்த விதியின் காரணத்தை அறிந்தால் குறைப்பட மாட்டார்கள்.

இனி விலைக்கு வருவோம். தமிழ்நாட்டு வீடுகளுக்கான நெட் மீட்டரிங்கில், பகலில் கொடுத்த ஒரு யூனிட் இரவில் எடுத்த ஒரு யூனிட்டோடு நேராகக் கழிந்துவிடுகிறது. கட்டமைப்பே உங்களுக்கு இழப்பில்லாத பேட்டரியாக இருக்கிறது. சொந்த பேட்டரியில் சேர்த்து எடுத்தாலோ, வகையைப் பொறுத்துப் பத்து முதல் முப்பது சதவீதம் வரை வழியிலேயே கரைகிறது. கணக்குத் தெரிந்த எவரும் அதைச் செய்ய மாட்டார்கள். ஆனால் மின்சந்தையில் இரண்டு யூனிட்டும் ஒன்றல்ல. சூரியன் சாய்ந்ததும் சூரிய மின்சாரம் வடிந்துவிட, வீடுகளில் ஏ.சி. ஓடத் தொடங்குகிறது. இந்திய மின் சந்தையில் ஒரு யூனிட்டுக்கான உச்சவரம்பு 10 ரூபாய். கோடை இரவுகளில் விலை அதைத் தொடுவதும், வெயில் நேரத்தில் அதன் சிறு பங்காக விழுவதும் வழக்கமாகிவிட்டது. இலங்கை 2025-இல் இதன் மறுபக்கத்தைக் கண்டது: பிப்ரவரி 9, ஞாயிறு பகலில் நாடே இருண்டபோது, தேவை குறைந்து கூரைச் சூரிய மின்சாரம் மிகுந்திருந்த நிலையில் கட்டமைப்பு அதிர்வைத் தாங்காததும் காரணமாகப் பேசப்பட்டது. அந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் கூரைத் தகடுகளை அணைத்துவைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. கலிபோர்னியா 2023 ஏப்ரலில் பகல் ஏற்றுமதிக்கான மதிப்பைப் பெருமளவு குறைத்து, தட்டுப்பாட்டு நேரத்துக்கு உயர்த்தியது. அதன்பின் அங்கே புதிதாகத் தகடு வைப்போரில் பேட்டரியும் சேர்த்து வாங்குவோர் வேகமாகப் பெருகினர்.

இங்கே எழக்கூடிய வலுவான ஆட்சேபம், முதல் 100 யூனிட் இலவசம் பற்றியது. இலவச மின்சாரத்தில் பேட்டரியை நிரப்பி மாலையில் பத்து ரூபாய்க்கு விற்றுவிட மாட்டார்களா? விலையை மட்டும் அறிவித்துவிட்டு மீட்டரைக் கவனிக்காவிட்டால் நிச்சயம் விற்பார்கள். சூரியத் தகட்டுக்குத் தனி மீட்டர் வைத்து, அது பதிவுசெய்த அளவுக்குள் மட்டும் மாலை ஏற்றுமதிக்கு விலை தந்தால் இந்த ஓட்டை அடைபடும். நேரவாரியாகப் பதியும் ஸ்மார்ட் மீட்டர் இதற்கு அவசியம். மாடி இல்லாதவர்களின் பணம் வசதியுள்ளோருக்குப் போகும் என்பது இன்னொரு கவலை, நியாயமானதும்கூட. மின்வாரியம் சந்தையில் அந்நேரத்தில் கொடுக்கும் விலையைவிடக் கொஞ்சம் குறைவாக வீடுகளுக்குத் தந்தால் மிச்சம் எல்லா நுகர்வோருக்கும் சேரும். ஆனால் ஈய பேட்டரி வைத்திருப்போர் ஆசைப்பட வேண்டாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது சுமார் ஒரு யூனிட். 1,500 முறை நிரப்பி, ஒவ்வொரு முறையும் 10 ரூபாய் கிடைத்தாலும் மொத்தம் 15,000 ரூபாய்தான். அது அடுத்த பேட்டரி வாங்கவே சரியாகிவிடும். பல ஆயிரம் முறை தாங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைக்கே இந்தக் கணக்கு ஒத்துவரும்.

நேரத்துக்கேற்ற விலை என்ற கொள்கையை மத்திய அரசின் 2023 நுகர்வோர் உரிமை விதித் திருத்தம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது: சூரிய நேரத்தில் கட்டணம் குறைவு, உச்ச நேரத்தில் கூடுதல். வாங்கும் மின்சாரத்துக்குப் பொருந்தும் நியாயம் கொடுக்கும் மின்சாரத்துக்கும் பொருந்த வேண்டும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாலை நேர வீட்டு ஏற்றுமதிக்குத் தனி விலை நிர்ணயிக்க வேண்டும். அதுவரை பேட்டரி வாங்குவோர் தம் வீட்டுத் தேவைக்கு மட்டும் அளவெடுத்து வாங்கட்டும், ஐ.எஸ். 16169 சான்று இல்லாத எந்தக் கருவியையும், மின்வாரிய அனுமதி இல்லாமல் எந்தக் கருவியையும், லைனோடு இணைக்க வேண்டாம்.