மலையைத் தாங்கும் கல் கூண்டு... பலமே அந்த இடைவெளியில்தான்!

மலைப்பாதையில் பஸ் வளையும்போது பார்த்திருப்பீர்கள். கம்பிவலைக் கூண்டுகளில் கற்களை நிரப்பி, படிப்படியாக அடுக்கிய தடுப்புச்சுவர். சிமென்ட் பூச்சு கிடையாது. கல்லுக்குக் கல் இடைவெளி. 'இதுவா மலையைத் தாங்கும்?' என்று தோன்றும். அந்த இடைவெளிதான் அதன் பலமே!

இதன் பெயர் 'கேபியன்'. பெரிய கூண்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லில் இருந்து வந்தது.

வில்லன் தண்ணீர்தான்

2009 நவம்பரில் நீலகிரியில் கொட்டிய கனமழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழைநீர் இறங்க இறங்க மண்ணின் எடை கூடும், பிடிமானம் தளரும். சிமென்ட் சுவரில் நீர் வடியும் துளைகள் அடைபட்டால், பின்னால் தேங்கும் தண்ணீர் சுவரையே தள்ளிவிடும். கேபியனிலோ சுவர் முழுவதுமே வடிகால். நிலம் சற்று இறங்கினாலும் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

வழக்கமான பெட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் இருக்கும். கற்கள் நிரப்பிய ஒரு கனமீட்டர் சுமார் 1.7 டன் எடை. இந்த எடைதான் மண்ணைத் தடுத்து நிறுத்துகிறது.

எங்கே சறுக்குகிறது?

* கற்கள் வலைக்கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறு ஜல்லியைக் கொட்டினால் வழியே உதிர்ந்துவிடும்.
* சுவருக்குப் பின்னால் வடிகட்டித் துணி அவசியம். இல்லையென்றால் தண்ணீரோடு மண்ணும் கரைந்து வந்துவிடும்.
* கம்பிக்குத் துத்தநாகப் பூச்சு வேண்டும். ஈரமான இடங்களில் அதற்கு மேல் பி.வி.சி. உறையும் நல்லது. துருப்பிடித்து வலை அறுந்தால் கல் சரியும்.
* ஓடைக்கரையில் அடித்தளத்தை நீர் அரித்தால், மேலே எத்தனை பெட்டி அடுக்கியும் பயனில்லை.

கட்டி முடித்த பிறகு துணியும் அடித்தளமும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வேலை நடக்கும்போதே கண்காணிப்பது முக்கியம்.

இதையும் கவனியுங்கள்

மலையே ஆழத்தில் இருந்து நகர்ந்தால் கேபியனால் தடுக்க முடியாது. சுவர் புடைத்தாலோ, கம்பி அறுந்தாலோ, கலங்கிய நீர் வடிந்தாலோ, மேலே நிலத்தில் விரிசல் தெரிந்தாலோ அதன் கீழே நிற்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்கு நகருங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குத் தகவல் சொல்லுங்கள்.