பாங்காக் வணிகப் பயணமும் டெங்குக் காய்ச்சலும்

தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் டெங்குக் காய்ச்சல் ஆண்டு முழுவதும் காணப்படுகிறது. மழைக்காலத்தில் அது மிகுதியாகப் பரவுகிறது. சில நாள் வணிகப் பயணத்திலும் தொற்று ஏற்படக்கூடும்.

பயணத்திற்கு முன்

ஒருமுறை டெங்கு வந்தவருக்கு மீண்டும் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அவர்களும், இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர்களும் முன்னதாகவே மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

பயணத்தின்போது

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும். எனவே இரவில் கொசுவலை மட்டும் போதாது. அலுவல்களுக்குச் செல்லும்போதும் முழுக்கை ஆடை அணிந்து, கொசு விரட்டிக் களிம்பைப் பூசிக்கொள்ள வேண்டும்.

திரும்பிய பின்

கொசு கடித்த 4 முதல் 10 நாள்களில் அறிகுறிகள் தோன்றும் என்பதால், வீடு திரும்பிய பின்னரும் காய்ச்சல் வரலாம். மருத்துவரிடம் பயண விவரத்தைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். காய்ச்சலுக்கு, உரிய அளவில் பாரசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பராமரிப்பவர் கவனத்திற்கு

காய்ச்சல் தணிந்ததாலேயே நோய் நீங்கிவிட்டதாகக் கருதக் கூடாது. அடுத்த 24 முதல் 48 மணி நேரமே அபாயம் மிகுந்த காலம். கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தக்கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.