துரத்திப் பிடித்த நண்பரே அழைத்துப்போனார்!

பண்டைய சீனத் தளபதிகள் என்றதும் பலருக்கும் சுன் சூ ஞாபகம் வரும். ஆனால், கதை கதையாகச் சொல்ல ஏற்றவர் ஹான் ஷின்தான்.

ஹுவாயின் என்ற ஊரில் பிறந்த பரம ஏழை இவர். ஆற்றங்கரையில் துணி அலசிய ஒரு மூதாட்டி, பல நாள்கள் தன் சோற்றைப் பகிர்ந்து கொடுத்தார். பின்னாளில் கைம்மாறு செய்வதாகச் சொன்னதற்கு, 'அதற்காகவா கொடுத்தேன்?' என்று கோபித்துக்கொண்டாராம். அதே ஊரில் ஒரு முரடன், 'துணிவிருந்தால் வெட்டு. இல்லையேல் என் காலிடுக்கில் நுழைந்து போ' என்று வம்பிழுத்தான். இவர் தவழ்ந்து போனார். ஊரே சிரித்தது.

பிறகு லியு பாங்கின் படையில் தானியக் கணக்கு பார்க்கும் வேலை. வெறுத்துப்போய் ஓடிவிட்டார். அமைச்சர் சியாவோ ஹே, அரசரிடம்கூடச் சொல்லாமல் துரத்திப்போய்க் கூட்டிவந்து, தலைமைத் தளபதி ஆக்கவைத்தார்.

கி.மு. 204, ஜிங்ஷிங் கணவாய். எதிரே பல மடங்கு பெரிய ஜாவ் நாட்டுப் படை. ஹான் ஷின் 10,000 பேரை ஆற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். தப்பிக்க வழியே இல்லாத இடம்! எதிரிகள் சிரித்தார்கள். ஆனால், முந்தைய இரவே 2,000 குதிரை வீரர்கள், ஆளுக்கொரு சிவப்புக் கொடியுடன் மலையில் பதுங்கியிருந்தார்கள். தோற்றோடுவதுபோல ஹான் ஷின் பின்வாங்க, ஜாவ் படை முகாமைக் காலி செய்துவிட்டுத் துரத்தியது. ஓட இடமில்லாதவர்கள் உயிரைக் கொடுத்துப் போராடினார்கள். முடியாமல் திரும்பிய ஜாவ் வீரர்கள் பார்த்தது, தங்கள் முகாமில் பறந்த 2,000 சிவப்புக் கொடிகளை. அங்கேயே சிதறி ஓடினார்கள்.

கி.மு. 202-ல் கடைசி எதிரி ஷியாங் யூவும் வீழ்ந்தார். லியு பாங் பேரரசரானார். ஹான் ஷினுக்குச் சூ நாட்டு அரசர் பதவி. ஊருக்குப் போய் மூதாட்டிக்கு ஆயிரம் பொன் கொடுத்தார். அந்த முரடனுக்கு? தண்டனை இல்லை, படையில் பதவி!

ஆனால், பேரரசருக்கு இவர்மீது பயம். பதவியைப் பறித்தார். கி.மு. 196-ல் சதிக் குற்றச்சாட்டு. வரவழைத்தால் வருவாரா என்று யோசித்த பேரரசி லூவுக்கு உதவியது யார் தெரியுமா? அதே சியாவோ ஹே. அரசவையில் வாழ்த்துச் சொல்ல வாருங்கள் என்று அழைத்தார். நண்பரை நம்பிப் போனார். அரண்மனையிலேயே கொன்றுவிட்டார்கள்.

போர்க்களத்திலிருந்து திரும்பிய லியு பாங் செய்தி கேட்டு நிம்மதியும் அடைந்தார், பரிதாபமும் பட்டார். சாகும்போது என்ன சொன்னான் என்றுதான் கேட்டாராம்.

தனித்து நின்று நீயே அரசனாகிவிடு என்று முன்பு ஒருவர் சொன்ன யோசனையைக் கேட்காமல் போனேனே என்றாராம் ஹான் ஷின்.