எந்திர மாந்தரும் தோட்டத் தொழிலாளரும்: பிளவு, பொது அபாயம், துரோகி பற்றிய ஒரு விளக்கம்

எந்திர மாந்தர் இரு அணிகளாகப் பிரிந்து போரிடுவதும், அவ்விரு அணிகளையும் ஒருங்கே அழிக்க வல்ல பொது அபாயமொன்று தோன்றுவதும், அவ்வேளையில் அணியொன்றின் உள்ளேயே துரோகி ஒருவன் மறைந்திருப்பதும் இன்றைய வெகுசனக் கலையிற் பெருவழக்காகிவிட்ட கதையமைப்பாகும். சித்திரக் கதை, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், விளையாட்டுப் பொம்மை எனப் பல வடிவங்களில் அது உலகெங்கும் விற்கப்படுகின்றது. நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் அறைகளிலும் சிறுவர் இக்கதைகளை அறிவர். இவற்றைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், எந்திர மாந்தன் என்னும் கற்பனையே உழைப்பாளியைப் பற்றிய சிந்தனையிலிருந்து பிறந்தது என்பதை மனங்கொண்டால், பெருந்தோட்டத் தொழிலாளர் வாழும் மலையகத்தில் நின்று அதனை நோக்குவது பொருத்தமானதே என்பது புலனாகும். இக்கதையமைப்பு எங்கிருந்து வந்தது, உழைப்போரின் பிளவுக்கு அது கூறும் காரணம் யாது, அக்காரணம் எம் வரலாற்றுக்கு எவ்வளவு பொருந்தும் என்பனவற்றை ஈண்டு நோக்குவோம்.

1. சொல்லும் நாடகமும்

'றோபோ' என்ற சொல்லை உலகுக்கு அளித்தது ஒரு நாடகம். செக் எழுத்தாளர் கரெல் சாப்பெக் 1920 ஆம் ஆண்டில் எழுதி, 1921 ஜனவரியில் பிராக் நகரத் தேசிய அரங்கில் மேடையேறிய 'ஆர்.யூ.ஆர்.' என்பதே அந்நாடகம். சொல்லை முன்மொழிந்தவர் அவருடைய தமையனாரும் ஓவியருமான ஜோசப் சாப்பெக். நிலப்பிரபுவின் வயலிற் குடியானவன் கூலியின்றிச் செய்து தீரவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'றொபொத்தா' என்னும் செக் மொழிச் சொல்லே அதன் வேர். எனவே, எந்திர மாந்தனின் பெயரிலேயே நிலமானியக் காலத்து அடிமை உழைப்பு பொதிந்துள்ளது. நாடகத்தில் வரும் றோபோக்கள் இரும்பாலானவை அல்ல. இரசாயனப் பொருளொன்றிலிருந்து ஆலையிற் செய்யப்பட்ட, மனித உருக்கொண்ட உழைப்பாளர்கள். உழைப்புக்குத் தேவையற்றவை எனக் கருதப்பட்ட உணர்வுகள் யாவும் அவர்களிடமிருந்து நீக்கப்பட்டிருந்தன. மனிதனை உழைப்புச் சக்தியாக மட்டுமே சுருக்கிப் பார்க்கும் முதலாளித்துவக் கணக்கை அதன் எல்லைவரை கொண்டுசென்று காட்டியமையே சாப்பெக்கின் சாதனை எனலாம்.

இந்நாடகத்தில் நமக்கு முக்கியமான கட்டம் ஒன்றுண்டு. பிரான்சின் துறைமுக நகரான லே ஹாவ்ரில் றோபோக்கள் தமக்கென முதன்முதலாக ஓர் அமைப்பை நிறுவியமை பற்றிய செய்தி வருகின்றது. ஆலையின் தலைவனான டொமின் அதற்கொரு மாற்றுத் திட்டத்தை முன்வைக்கின்றான். இனிமேல் ஓர் ஆலை போதாது. நாடுதோறும் ஆலை அமைத்து, வெவ்வேறு நிறமும் வெவ்வேறு மொழியும் கொண்ட தேசிய றோபோக்களை ஆக்கவேண்டும். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்கு விளங்காது. அவை ஒன்றையொன்று என்றென்றும் வெறுக்கும். ஆகவே ஒருபோதும் ஒன்றுசேரா என்பதே அத்திட்டம். போரிடும் எந்திர அணிகள் என்ற கருத்து உலக இலக்கியத்தில் இவ்வாறு, உழைப்பாளரின் ஒற்றுமையை முறியடிக்கும் நிர்வாக உபாயமாகவே தோன்றியது.

பிற்காலத்தில் இக்கருத்துக்கு நேர்ந்ததையும் கவனிக்க வேண்டும். 1984 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹஸ்புரோ நிறுவனம், ஜப்பானின் தக்காரா நிறுவனத்துப் பொம்மைகளைக் கொண்டு 'டிரான்ஸ்போமர்ஸ்' என்ற வரிசையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. ஓட்டோபொட், டிசெப்டிகோன் என இரு அணிகள் அதில் ஓயாது போரிட்டன. 1986 ஆம் ஆண்டுத் திரைப்படத்தில், கோள்களை விழுங்கும் யூனிக்ரோன் இரு அணிகளுக்கும் தாயகமான சைபர்ட்ரோனையே தாக்குகின்றது. டிசெப்டிகோன் தலைவனின் அருகிலேயே இருந்து அவன் பதவியைக் கவரக் காத்திருப்பவன் ஸ்டார்ஸ்கிரீம். அதே ஆண்டுத் தொலைக்காட்சித் தொடரின் ஒரு பகுதி மேலும் கருதத்தக்கது: இரு அணிகளையும் படைத்தவர் ஓர் அந்நிய இனத்தார், ஓரணியை நுகர்வுப் பொருளாகவும் மற்றையதைப் போர்க் கருவியாகவும் விற்பதற்கென்றே ஆக்கினர் என்ற செய்தி அதில் வெளிப்படுகின்றது. எனினும் போர் நிற்பதில்லை. பிளவின் மூலத்தை அறிந்த பின்னரும் அணிகள் போரிடுவதற்கு, இரு அணிப் பொம்மைகளும் விற்பனையாக வேண்டும் என்பதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. சாப்பெக்கிடம் விமரிசனமாக இருந்தது சந்தையிற் சரக்காகிவிட்டது.

2. கங்காணியும் துண்டும்

டொமினின் திட்டம் மேடைக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே, இலங்கையின் பெருந்தோட்டங்களில் உழைப்பாளரைப் பிரித்துவைக்கும் முறை நிலைபெற்றிருந்தது. கோப்பிக் காலத்திலும், 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் வந்த தேயிலைக் காலத்திலும், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவன் கங்காணி. முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவனும், வேலைத்தலத்தில் மேற்பார்த்தவனும், துரைக்கும் தொழிலாளிக்கும் இடையே பேசியவனும் அவனே. அவனுடைய ஆட்களுட் பலர் அவன் உறவினர், அவன் சாதியார், அவன் ஊரார். அவர்கள் பெரட்டுக்கு வந்த நாளுக்கு ஆள்வீதம் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்தில் பல கங்காணிகளின் கூட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் கங்காணியின் பெயராலேயே அறியப்பட்டது.

'துண்டு' என்பது இம்முறையின் உச்சமாகும். கங்காணியும் அவன் ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. மற்றொரு தோட்டம் அத்தொகையைச் செலுத்திக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளும். ஆட்கள் கடனோடு கைமாறினர். 1921 ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது. றோபோ மேடையேறிய ஆண்டும் அதுவேயாதல் தற்செயலே. ஆயினும் இரண்டும் ஒரே காலத்து உழைப்பு முறையின் இரு முகங்களாகும்.

எனினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. டொமின் பகைமையை ஆலையிற் புதிதாக ஆக்க எண்ணினான். தோட்டத்துரைமாருக்கு அத்தேவை இருக்கவில்லை. ஊர்ப் பிரிவும் சாதிப் பிரிவும் தொழிலாளருடனேயே கப்பலேறி வந்தன. தோட்ட அமைப்பு அவற்றை வேலைக்கமர்த்திக் கொண்டது. எம்மவரின் பிளவு முழுவதையும் வெள்ளைத் துரையின் சூழ்ச்சி என்று கூறுவது வரலாற்றுக்கு மாறானது மட்டுமன்று. எமக்குள்ளே உள்ள சாதி ஒடுக்குமுறையைக் காணாதிருக்கவும் அது வழிசெய்யும். பங்காளிப் பகையைப் பாடும் பொன்னர் சங்கர் கூத்தைத் தோட்டங்களில் விடிய விடிய ஆடிய மக்கள், உட்பகையை அறியாதவர் அல்லர். மேலும், தொழிலாளி ஆலையிற் செய்யப்பட்டவன் அல்லன். செக்றோலில் அவன் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆயினும் லயத்திலே அவனுக்குச் சுற்றமும், பாட்டும், காமன் கூத்தும் இருந்தன. அவனை றோபோவாக்கும் முயற்சி முழுமை பெறாமைக்கு இவையும் காரணம்.

தேசிய றோபோ என்ற கருத்து உண்மையிற் பொருந்துவது வேறோரிடத்திலாகும். 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டத்தின் வழியே பெருமளவு நிலம் அரசுடைமை எனக் கொள்ளப்பட்டுத் தோட்டங்களாயிற்று. நிலமிழந்த கண்டிச் சிங்கள விவசாயியும், அந்நிலத்தில் உழைக்கக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே அமைப்பின் இரு பக்கங்களிலே நின்றனர். மொழியும் மதமும் வேறு. ஒருவர் துன்பத்துக்கு மற்றவரே காரணம் என நம்பவைப்பது எளிதாயிற்று.

3. பொது அபாயமும் ஒற்றுமையும்

கங்காணியின் கூட்டத்தைக் கடந்து தொழிலாளரை ஒன்றுசேர்க்கும் முயற்சி 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனில் நிறுவிய தொழிலாளர் சம்மேளனத்துடன் வலுப்பெற்றது. 1939 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் உயிரிழந்தார். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குப் பலம் வெளிப்பட்டது. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் அதன் தொடர்ச்சியும் அப்பலத்தைப் பறித்தன.

இதனினும் பெரிய பொது அபாயம் இருக்க முடியாது. ஆயினும் 1956 இல் தொழிலாளர் காங்கிரஸ் பிளவுற்று, அப்துல் அஸீஸ் தலைமையில் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் தோன்றியது. செங்கொடிச் சங்கமும் கட்சி சார்ந்த பிற சங்கங்களும் வேறாக இயங்கின. 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பின்னர் தீர்மானம். பங்கிடப்பட்டோரின் சம்மதம் கேட்கப்படவில்லை.

ஒற்றுமை நிகழ்ந்த தருணங்களும் உண்டு. 1977 மே மாதத்தில் நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணிகளைச் சுவீகரிப்பதை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 1984 ஏப்ரிலில் போட்டிச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய வேலைநிறுத்தத்தின் பயனாகச் சம்பளம் உயர்ந்ததுடன், ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளமும் கிடைத்தது. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களாதலின், இவ்வெற்றி சிறிதன்று.

அபாயம் தணிந்ததும் ஒற்றுமை தளர்வது ஏன்? தலைவர்களின் குணத்தில் மட்டும் விடை தேடுவதிற் பயனில்லை. சங்கச் சந்தா தொழிலாளியின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டுச் சங்கத்துக்குச் சென்றது. ஓர் அங்கத்தவர் மாறினால் ஒரு சங்கத்தின் வருமானம் மற்றதற்குப் போயிற்று. தலைக்காசு பெற்ற கங்காணியின் நிலையோடு இதற்குள்ள ஒற்றுமை கசப்பானது, ஆனாற் காணத்தக்கது. பொது அபாயம் மனத்தை ஒன்றாக்கலாம். பிரிவிற் பயன்பெறும் ஏற்பாடு மாறாதவரை ஒற்றுமை நிலைக்காது.

4. துரோகி யார்?

சந்தைக் கதையில் துரோகம் ஒருவனது இயல்பு. ஸ்டார்ஸ்கிரீம் ஒவ்வொரு வாரமும் துரோகம் செய்வான். காரணம், அவன் ஸ்டார்ஸ்கிரீம். சாப்பெக்கின் நாடகம் இவ்விடத்தில் ஆழமானது. கிளர்ச்சி மூண்டு ஆலை முற்றுகையிடப்பட்டபோது உள்ளே இருப்போர் குற்றவாளியைத் தேடுகின்றனர். ஹெலேனாவின் வேண்டுகோளுக்கு இணங்கி மருத்துவர் கால் சில றோபோக்களின் இயல்பை இரகசியமாக மாற்றியமை தெரியவருகின்றது. துரோகி அகப்பட்டான் என்று கதையை முடித்திருக்கலாம். ஆனால் கணக்காளரான பஸ்மன் கணக்கையே எடுத்துக் காட்டுகின்றார்: மாற்றப்பட்டவை சில நூறே, செய்து விற்றவையோ கோடிக்கணக்கு, உலகின் கேள்வியும் அதற்கேற்ற உற்பத்தியுமே இதனை நிகழ்த்தின. ஒருவனின் துரோகத்திலிருந்து உற்பத்தி முறைக்கு நம் பார்வையை இக்காட்சி திருப்புகின்றது.

மலையக இலக்கியத்தில் துரோகியின் இடத்தை வகிப்பவன் கங்காணி. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த நாட்டார் பாடல்களில் அவன்மீதான சினம் வெளிப்படை. அச்சினம் நியாயமானது. எனினும், அவன் எம்மவனாக இருந்தபடியாலேயே துரைக்குப் பயன்பட்டான் என்பதை மறக்கலாகாது. தொழிலாளர் காங்கிரசின் நெடுங்காலத் தலைவர் சௌ. தொண்டமானின் தந்தையாரே தொழிலாளியாக வந்து, கங்காணியாகி, வேவண்டன் தோட்டத்தின் உரிமையாளரானவர். கங்காணிக் குடும்பத்திலிருந்து தொழிற்சங்கத் தலைமையும் தோன்றியதை 'பிறவித் துரோகி' என்ற கோட்பாடு விளக்க மாட்டாது. கங்காணி என்பது ஒரு குணமன்று, உற்பத்தி உறவில் ஓரிடம். அவ்விடத்தில் யாரை இருத்தினாலும் ஏறத்தாழ அவ்வாறே நடக்கும்.

இதனால் எவரும் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. வேலைநிறுத்தத்தில் வேலைக்குப் போகிறவனைக் 'கருங்காலி' என்கிறோம். அச்சொல்லுக்குத் தேவையுண்டு, அது ஒரு செயலைச் சுட்டுகிறது, செயல் மாறினாற் சொல்லும் நீங்கும். 'துரோகி' என்ற சொல்லோ ஆளையே சுட்டுகிறது, அதற்கு மீட்சியில்லை. 1970களின் நடுப்பகுதி முதல் இந்நாட்டுத் தமிழரசியலில் இச்சொல் கருத்து வேறுபட்ட பலரின் மரணத் தீர்ப்பாக இருந்ததை நாம் கண்டோம். மலையகத்தில் அது அத்தகைய குருதியைச் சிந்தவில்லையாயினும், சம்பளப் பேச்சுவார்த்தைதோறும் ஒலித்தது. 2019 இல் கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளத்தின் அடிப்படையை 700 ரூபாவாக நிறுத்தியபோது, கையொப்பமிட்டோர் காட்டிக்கொடுத்தனர் என்ற குரலே ஓங்கியது. 1,000 ரூபா 2021 இல் சம்பளச் சபையின் வழியாகவே வந்தது. யார் கையொப்பமிட்டார் என்று கேட்டவர்கள், தேயிலையின் விலையில் எவ்வளவு பங்கு கொழுந்து பறித்தவளிடம் வருகின்றது என்று அதே உரத்துடன் கேட்டார்களா?

எந்திர மாந்தர் கதைகளை எம் பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்பது எமது கருத்தன்று. மலையகப் பாடசாலை ஆசிரியர்கள் இக்கதைகளை வகுப்பறையில் எடுத்துப் பேசுதல் பயனுடையது. இரு அணியையும் செய்தவர் யார், போர் நீடிப்பதால் ஊதியம் பெறுபவர் யார், துரோகிக்குத் தலைக்காசு கொடுப்பவர் யார் என்ற மூன்று வினாக்களைப் பிள்ளைகள் கேட்கப் பழகுவராயின், திரையில் வரும் கதையை மட்டுமன்றித் தம் பாட்டன் பாட்டியரின் கதையையும் அவர்கள் வாசிக்கக் கற்றவராவர்.